விதையா, தண்ணியா, சேமிப்பா, டிஜிட்டலா: கையில இருக்கிற பணத்தை எதுல போட்டா வருஷம் முழுக்க சாப்பாடு நிக்கும்?

இந்தக் கேள்வி என்கிட்ட திரும்பத் திரும்ப வருது. ஒரு விவசாயிகள் குழு கையில கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு, இல்லன்னா ஒரு சின்ன அமைப்புக்கு ஒரே ஒரு தடவை நிதி கிடைச்சிருக்கு, எல்லாத்தையும் வாங்க முடியாது, ஏதாவது ஒண்ணுதான். ஒருத்தர் ட்ரோன் வாங்கலாம்ங்கிறார், இன்னொருத்தர் சொட்டுநீர் போடலாம்ங்கிறார், வேற ஒருத்தர் புது ரக விதைதான் வழின்னு சொல்றார், கடைசியில யார் சத்தமா பேசுறாங்களோ அவங்க சொன்னதை வாங்கிட்டு வந்துடுறாங்க. அதனால அஞ்சு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்.

என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன். விளைஞ்சதைக் காப்பாத்த ஒரு ரூபாகூட செலவு பண்ணாம இன்னும் அதிகமா விளைய வைக்கிறதுக்கே எல்லாத்தையும் கொட்டுறது, நிறைய இடத்துல தப்பான வரிசை. எல்லா இடத்துலயும் இல்ல, அதுக்குத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வச்சு அளக்குறது

உணவுப் பாதுகாப்புன்னு சொன்னதும் நமக்கு மகசூல்தான் ஞாபகம் வருது. ஆனா 1996-ல ரோம்ல நடந்த உலக உணவு உச்சி மாநாட்டுல ஒத்துக்கிட்ட விளக்கத்தைப் பாருங்க: எல்லாருக்கும், எல்லா நேரத்துலயும், போதுமான, பாதுகாப்பான, சத்தான சாப்பாடு கைக்கு எட்டணும், அதை வாங்குற வசதியும் இருக்கணும். இதுல "எல்லா நேரத்துலயும்"ங்கிறதை நாம வேகமா படிச்சுத் தாண்டிப் போயிடுறோம். அறுவடை மாசத்துல வீடு நிறைஞ்சிருந்து, அடுத்த அறுவடைக்கு ரெண்டு மாசம் முன்னாடி பானை காலியா இருந்தா அது பாதுகாப்பு இல்ல. ஐநா அமைப்புகளோட கணக்குப்படி 2024-ல உலகத்துல சுமார் 67 கோடி பேர் பசியோட இருந்தாங்க, அதே உலகத்துல மொத்தமா விளையுறதைக் கலோரியா கணக்குப் போட்டா எல்லாருக்கும் போதும்.

அதனால நான் அஞ்சு கேள்வி வச்சுப் பாக்குறேன்:

- மழை பொய்ச்ச வருஷம், வெள்ளம் வந்த வருஷம், அப்போ இது உதவுமா?
- விளைஞ்சதுல வாய்க்குப் போய்ச் சேர்ற பங்கு கூடுமா?
- அரை ஏக்கர் வச்சிருக்கிறவங்க, சொந்தமா போன் இல்லாத பொம்பளைங்க, இவங்களுக்கும் பயன்படுமா?
- கெட்டுப் போச்சுன்னா யார் சரி பண்ணுவா, எத்தனை நாள்ல?
- வாங்குற விலையைத் தவிர வருஷா வருஷம் என்ன செலவு வரும்?

| வழி | மோசமான வருஷத்துல | சின்ன விவசாயிக்கு | ரிப்பேர் | கண்ணுல படாத செலவு |
|---|---|---|---|---|
| தாங்குற ரக விதை | நல்லா உதவும் | எளிது | கிடையாது | விதையைப் புதுப்பிக்கிறது, உரம் |
| சொட்டுநீர், பண்ணைக்குட்டை | தண்ணி இருக்கிற வரைக்கும் | குழுவா சேர்ந்தா முடியும் | அடிக்கடி | அடைப்பு, ஃபில்டர், பம்ப் |
| உலர்த்தல், காற்றுப்புகாத சேமிப்பு | ரொம்ப உதவும் | ரொம்ப எளிது | கம்மி | அறுவடை நேரத்துப் பணத்தேவை |
| போன், சென்சார், ட்ரோன் | ஓரளவு | போன் மட்டும் எளிது | கஷ்டம் | சந்தா, பேட்டரி, ஆள் பயிற்சி |
| உள்ளரங்கு அடுக்கு விவசாயம் | கரண்ட் இருந்தா | இல்லவே இல்ல | ஸ்பெஷலிஸ்ட் வேணும் | கரண்ட் பில் |

## 1. தாங்குற ரக விதை

விதையோட பெரிய வசதி, அதை யாரும் ரிப்பேர் பண்ண வேண்டாம். மெஷின் கிடையாது, கரண்ட் வேண்டாம், அரை ஏக்கர்காரரும் அம்பது ஏக்கர்காரரும் ஒரே மாதிரி விதைக்கலாம். 1966-ல சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐஆர் 8 நெல்லுல இருந்து கோதுமையில பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக் பண்ணதுவரைக்கும் விதை எவ்வளவு தூரம் கொண்டு போகும்னு உலகம் பாத்தாச்சு, போர்லாகுக்கு 1970-ல நோபல் அமைதிப் பரிசே குடுத்தாங்க.

ஆனா இப்போ விதை வாங்கும்போது நான் மகசூல் நம்பரைப் பாக்கிறதுக்கு முன்னாடி தாங்குற குணத்தைத்தான் பாக்கச் சொல்லுவேன். வெள்ளம் தாங்குற சப் 1 நெல்லை எடுத்துக்கங்க. சாதாரண நெல் தண்ணிக்குள்ள மூழ்கினா மூச்சு வாங்க மேல வரணும்னு வேகவேகமா நீளுது, இருக்கிற சத்தெல்லாம் அதுலயே தீர்ந்து, தண்ணி வடிஞ்சதும் அப்படியே சாஞ்சு செத்துப் போகுது. சப் 1 மரபணு இருக்கிற பயிர் நீளாம அடங்கி ரெண்டு வாரம் வரைக்கும் தாக்குப்பிடிச்சு, தண்ணி போனதும் திரும்பத் தளிர்க்குது. அந்த மரபணு எங்கயோ லேப்ல உருவாக்குனது இல்ல, ஒடிசாவோட பாரம்பரிய ரகத்துல இருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ-ல இருந்து வந்தது. 2006-ல மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க, 2009-ல ஸ்வர்ணா சப் 1 விவசாயிங்க கைக்கு வந்துச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஒடிசாவுல பண்ண ஆய்வுல தெரிஞ்சது: பயிர் மொத்தமா போயிடாதுங்கிற நம்பிக்கை வந்ததும் விவசாயிங்க உரம் கூடப் போட்டாங்க, நடவுல கூடுதல் உழைப்பு போட்டாங்க, அதனால வெள்ளம் வராத வருஷத்துலகூட வயல் முன்னைவிட நல்லா இருந்துச்சு. பயம் குறைஞ்சதே ஒரு மகசூல் மாதிரி.

இதுல மாட்டிக்கிற இடங்களும் இருக்கு. வீரிய ஒட்டு ரகம்னா அதுல இருந்து எடுத்த விதை அடுத்த வருஷம் அதே மாதிரி வராது, வருஷா வருஷம் காசு குடுத்து வாங்கணும், அதனால குழுவுக்கு வாங்கும்போது "இதை நாங்களே விதைக்கு எடுத்து வச்சுக்கலாமா"ன்னு முதல் கேள்வியா கேளுங்க. அடுத்தது, ஊரே ஒரே ரகம் போடுறது. 1970-ல அமெரிக்காவுல மக்காச்சோளத்துல பெரும்பகுதி ஒரே வகை சைட்டோபிளாசத்துல (தாய்ச்செடி வழியா வர்ற செல் பகுதி) இருந்து வந்த விதைங்கிறதால இலைக்கருகல் பூஞ்சை ஒண்ணு வந்து அந்த வருஷ விளைச்சல்ல சுமார் 15 சதவீதத்தை வழிச்சுட்டுப் போயிடுச்சு. அதனால எந்த நல்ல ரகமா இருந்தாலும் மொத்த நிலத்துலயும் அதையே போடாதீங்க.

விதைதான் சரியான முடிவுன்னு எப்போ சொல்லலாம்: பயிர் வயல்லயே போகுதுன்னா, அதாவது அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷம் வெள்ளமோ வறட்சியோ உப்போ அடிச்சுட்டுப் போகுதுன்னா. அறுவடையே இல்லாதப்போ கிடங்கு கட்டி என்ன பண்றது.

## 2. தண்ணி

உலகத்துல மனுஷன் எடுக்கிற நன்னீர்ல சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குத்தான் போகுது. சாகுபடி நிலத்துல அஞ்சுல ஒரு பங்குக்குத்தான் பாசனம் இருக்கு, ஆனா விளையுற சாப்பாட்டுல ஏறக்குறைய 40 சதவீதம் அந்த ஒரு பங்குல இருந்து வருது. இந்த ரெண்டு கணக்கும் போதும், தண்ணி எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். பூக்குற நேரத்துல, மணி பிடிக்கிற நேரத்துல ஒண்ணு ரெண்டு தடவை தண்ணி குடுக்க முடிஞ்சாலே மானாவாரிப் பயிர் பிழைச்சுக்கும், அதுக்குப் பெரிய அணை வேண்டாம், ஒரு பண்ணைக்குட்டை போதும்.

சொட்டுநீர் பத்தி. வாய்க்கால்ல விட்டா விட்ட தண்ணியில சுமார் 60 சதவீதம்தான் பயிருக்குப் போகும், சொட்டுநீர்ல 90 வரைக்கும் போகும்னு பொதுவா கணக்கு சொல்லுவாங்க. கணக்கு சரிதான், ஆனா அது புதுசா போட்ட அன்னிக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு வயல்ல போய் நின்னு பாருங்க. ஒரே அளவு டம்ளர் ரெண்டு எடுத்துக்கங்க, லைன்ல முதல் டிரிப்பருக்கு (சொட்டு விழுற துளை) கீழ ஒண்ணு, கடைசி டிரிப்பருக்குக் கீழ ஒண்ணு வச்சு, கால் மணி நேரம் விட்டுட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கடைசி டம்ளர்ல பாதிதான் இருந்துச்சுன்னா அந்தப் பக்கத்துப் பயிரு பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம், ஓனருக்கு அது தெரியாது, ஏன்னா மோட்டார் ஓடுது, பைப்ல தண்ணி வருது. உப்புப் படிவு, பாசி, மண்ணு எல்லாம் சேர்ந்து அடைச்சுக்கும், எலி வேற பைப்பைக் கடிச்சு வைக்கும். ஃபில்டரைக் கழுவுறது யாரு, லேட்டரல் (பயிர் வரிசையில போற சின்ன பைப்) கடைசி முனையைத் திறந்து விட்டு ஃப்ளஷ் பண்றது யாருன்னு பேர் சொல்ல முடியலன்னா சொட்டுநீர் போடாதீங்க.

இன்னொரு செலவு இருக்கு, அதை எந்த விற்பனை ஆளும் சொல்ல மாட்டார். மிச்சமான தண்ணி மிச்சமாவே இருக்காது. தண்ணி மிஞ்சுதுன்னு பக்கத்து நிலத்தையும் சேர்த்துப் போடுவாங்க, இல்ல தண்ணி அதிகம் குடிக்கிற பயிருக்கு மாறுவாங்க. அதோட, முன்னாடி வாய்க்கால்ல "வீணா" போன தண்ணியில ஒரு பங்கு நிலத்துக்குள்ள இறங்கி கீழ இருக்கிறவங்க கிணத்துக்குத்தான் போய்க்கிட்டிருந்தது. 2018-ல வந்த ஒரு பெரிய ஆய்வும் இதைத்தான் சொல்லுச்சு, பாசனத் திறன் கூடினா ஒட்டுமொத்த தண்ணிச் செலவு குறையும்னு நம்ப முடியாது, எவ்வளவு எடுக்கலாம்னு வரம்பு வேணும். சோலார் பம்ப் வச்சா இது இன்னும் மோசம், டீசல் செலவு இல்லாததால வெயில் இருக்கிற நேரம் பூரா மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். இறைக்கிறதுக்கு ஒரு கணக்கு ஊர்ல எல்லாரும் சேர்ந்து வச்சுக்கிட்டா மட்டும் இதுல இறங்குங்க.

## 3. உலர்த்தலும் சேமிப்பும்

இங்கதான் நான் நிறைய பேசப் போறேன், ஏன்னா இங்கதான் யாரும் பேசுறதில்ல.

ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பு சொல்ற கணக்குப்படி அறுவடைக்கு அப்புறம் கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சுமார் 13 சதவீதம் சாப்பாடு காணாமப் போகுது. கடை, ஹோட்டல், வீடுன்னு அதுக்கப்புறம் வீணாகுறது தனி, 2022-ல அது மட்டும் 100 கோடி டன்னுக்கு மேல. அந்த முதல் 13 சதவீதம் உழுது, விதைச்சு, தண்ணி பாய்ச்சி, உரம் போட்டு, களை எடுத்து முடிச்ச சாப்பாடு. அதுல ஒரு மூட்டையைக் காப்பாத்துறதுக்கு புதுசா ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம்.

ஒரு தடவை ஒரு கிடங்குல மக்காச்சோள மூட்டைக்குள்ள கையை விட்டுப் பாத்தேன். வெளிய சாக்கு சாதாரணமா இருந்துச்சு, முழங்கை வரைக்கும் உள்ள போனதும் வெந்நீர்ல கை வச்ச மாதிரி சூடு. காயாத தானியம் உயிரோட மூச்சு விடுது, வண்டு மூச்சு விடுது, பூஞ்சை வளருது, மூணும் சேர்ந்து சூட்டைக் கிளப்புது, சூடு இன்னும் ஈரத்தைக் கிளப்புது. அந்த வருஷம் அந்தக் குழு நல்ல விதை போட்டு நல்லா விளைய வச்சிருந்தாங்க, போனது கிடங்குல.

அதனால சேமிப்புன்னா முதல்ல காய வைக்கிறது. நெல் அறுக்கும்போது 20 சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்கும், சில வாரம் வச்சா போதும்னா 14-லருந்து 18 வரைக்கும் இருந்தாலும் ஓடும், எட்டு மாசம் ஒரு வருஷம்னா 13-க்குக் கீழ இறங்கியே ஆகணும். ஈரப்பதம் பாக்குற மீட்டர் ஒண்ணு குழுவுக்குப் பொதுவா வாங்கிடுங்க, அது வர்ற வரைக்கும் பழைய உப்பு பாட்டில் வழி இருக்கு: நல்லா காஞ்ச கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தானியம், ரெண்டு மூணு ஸ்பூன் காஞ்ச உப்பு, மூடி ஒரு நிமிஷம் குலுக்கிட்டு கால் மணி நேரம் வைங்க. உப்பு பாட்டில் சுவர்ல ஒட்டிக்கிச்சுன்னா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல இருக்கு. ஒட்டலன்னா அதுக்குக் கீழ இருக்கு, ஆனா பையில அடைக்கிறதுக்கு அது பத்தாது, இன்னும் நல்ல வெயில்ல தார்ப்பாய் மேல காயணும்.

காஞ்சதுக்கு அப்புறம் காற்றுப்புகாத பை. மூணு அடுக்கு, உள்ள ரெண்டு பாலித்தீன், வெளிய ஒரு நெசவு சாக்கு, 1980-கள் கடைசியில கேமரூன்ல காராமணி வண்டுக்காக அமெரிக்காவோட பர்டியூ பல்கலைக்கழக ஆளுங்க உருவாக்குனது. மருந்து எதுவும் கிடையாது. உள்ள மாட்டின வண்டு மூச்சு விட்டு விட்டு இருக்கிற ஆக்ஸிஜனைத் தானே தீர்த்துடுது, அப்புறம் தின்றதை நிறுத்தி செத்துப் போகுது. பண்ற தப்பு என்னன்னா கட்டின ரெண்டாவது வாரமே "எப்படி இருக்குன்னு பாப்போம்"னு திறக்கிறது, திறந்தா காத்து உள்ள போய் வண்டுக்கு மறுபடி உயிர் வரும். எலி ஒரு ஓட்டை போட்டாலும் அதே கதை, அதனால தரையில வைக்காம பலகை மேல, சுவரை ஒட்டாம வைங்க. ஈரமான தானியத்தை இதுல போட்டா இன்னும் மோசம், ஈரம் வெளிய போக வழியே இருக்காது.

இது அளவு விஷயம் மட்டும் இல்ல, உயிர் விஷயம். சரியா காயாத மக்காச்சோளத்துலயும் நிலக்கடலையிலயும் வளர்ற ஒரு பூஞ்சை அஃப்ளாடாக்ஸின்னு ஒரு விஷத்தை விடுது, வீட்டுச் சமையல் சூட்டுல அது போகாது, கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். 2004-ல கென்யாவுல அந்த மாதிரி மக்காச்சோளம் சாப்பிட்டு 125 பேர் செத்துப் போனாங்க. மூட்டை கணக்கு சரியா இருந்துச்சு, சாப்பாடு பாதுகாப்பா இல்ல.

சேமிப்போட மறைஞ்ச செலவு பையோட விலை இல்ல. அறுவடை முடிஞ்ச அன்னிக்கு வீட்டுல கடன் நிக்குது, ஸ்கூல் ஃபீஸ் நிக்குது, அதனால விலை அடிமட்டத்துல இருக்கும்போதே வித்துட்டு, ஆறு மாசம் கழிச்சு அதே தானியத்தை கூடுதல் விலைக்கு வாங்கி சாப்பிடுறாங்க. நல்ல பை குடுத்தாலும் கையில காசு இல்லாதவங்க அதைப் பயன்படுத்த முடியாது. கென்யாவுல ஒரு ஆய்வுல அறுவடை நேரத்துல சின்னக் கடன் குடுத்துப் பாத்தாங்க, வாங்குனவங்க தானியத்தை வச்சிருந்து பின்னாடி வித்து கூடுதல் லாபம் பாத்தாங்க. அதனால பட்ஜெட்ல ஒரு பங்கை பைக்கும் தார்ப்பாய்க்கும் மீட்டருக்கும் ஒதுக்கி, இன்னொரு பங்கை கிடங்குல வச்ச தானியத்தை ஈடா வச்சுக் குடுக்கிற கடனுக்கு ஒதுக்குங்க.

காய்கறி பழம்னா குளிர் அறை, அது வேற கணக்கு. கரண்ட் போற இடத்துல ஜெனரேட்டர் டீசல் முழுங்கும், சீசன் இல்லாத மாசத்துல சும்மா கிடந்தாலும் கடன் தவணை நிக்காது. பழுத்த வாழையையும் கீரையையும் ஒரே ரூம்ல வச்சா பழம் விடுற எத்திலீன் வாயுவால கீரை மஞ்சளாகும், வாழையை 13 டிகிரிக்குக் கீழ வச்சா தோல் கறுத்துடும். வருஷத்துல எட்டு ஒம்பது மாசம் அறை நிரம்பும்னு கணக்குக் காட்ட முடிஞ்சா கட்டுங்க.

## 4. போன், சென்சார், ட்ரோன்

இதை ரெண்டாப் பிரிக்கணும், எல்லாத்தையும் ஒண்ணா "டிஜிட்டல்"னு சொல்றதாலதான் குழப்பம்.

தகவல் மட்டும் தர்றது, அதாவது போன்ல வர்ற ஆலோசனை, விலை, மழை அறிவிப்பு, ரொம்ப மலிவு. வளரும் நாடுகள்ல நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்ததுல போன் வழியா வந்த ஆலோசனையால மகசூல் சராசரியா 4 சதவீதம் கூடியிருக்கு. 4-ன்னா சின்னதுன்னு தோணும், செலவையும் சேர்த்துப் பாத்தா நல்ல பலன். கேரளாக் கடற்கரைக்கு 1997-க்கு அப்புறம் செல்போன் வந்தப்போ, மீனவங்க கடல்ல இருந்தே எந்தக் கரையில வாங்க ஆள் இருக்குன்னு கேட்டுட்டுப் போக ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி பிடிச்சதுல 5-லருந்து 8 சதவீதம் மீன் வாங்க ஆளில்லாம கொட்டிக்கிட்டிருந்தாங்க, அது கிட்டத்தட்ட நின்னே போச்சு. ஆனா வீட்டுல இருக்கிற ஒரே போன் ஆம்பளை பாக்கெட்ல இருந்தா வயல்ல வேலை செய்ற பொண்ணுக்கு அந்த மெசேஜ் போகாது, அதனால எழுத்தைவிட குரல் மெசேஜ் நல்லது, ரெண்டு பேர் நம்பரையும் வாங்குங்க.

மெஷின் பக்கம் வேற. வயல்ல போடுற நைட்ரஜன் உரத்துல ஏறக்குறைய பாதி பயிருக்குப் போகாமயே காத்துலயும் தண்ணியிலயும் போயிடுது, அதைக் குறைக்க சென்சாரும் மண் பரிசோதனையும் நிஜமாவே உதவும், ட்ரோன்ல அடிச்சா ஆள் மேல மருந்து படாது, நல்ல விஷயம்தான். ஆனா பேட்டரி ரெண்டு சீசன்ல தளர்ந்துடும், ஓட்டத் தெரிஞ்ச ஒரே பையன் வேற வேலைக்குப் போயிட்டா பெட்டிக்குள்ள தூங்கும், சேர்ற டேட்டா யாருக்குச் சொந்தம்னு ஒப்பந்தத்துல பாக்கணும். சின்ன குழு இதை வாங்காம வாடகைக்கு எடுக்கிறதுதான் நல்லது.

## 5. உள்ளரங்கு அடுக்கு விவசாயம்

சுருக்கமா முடிச்சுடுறேன். எல்இடி வெளிச்சத்துல அடுக்கடுக்கா வளர்க்கிறதுல தண்ணி ரொம்பக் கம்மி, பூச்சி மருந்து வேண்டாம், எல்லாம் உண்மை. ஆனா அதுல லாபமா வர்றது கீரை வகைதான், செடியில இருந்து நமக்குக் கிடைக்கிற கலோரியில பாதிக்கு மேல வர்ற நெல்லு, கோதுமை, மக்காச்சோளம் இல்ல. 2020-ல ஒரு ஆய்வுல பத்து அடுக்குல கோதுமை போட்டா ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 700 டன்னும் அதுக்கு மேலயும் வரலாம்னு கணக்குப் போட்டாங்க, உலக சராசரி 3 டன்னுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவு வித்தியாசம். அதே ஆளுங்களே கரண்ட் செலவைப் பாத்தா சந்தையில நிக்காதுன்னும் எழுதிட்டாங்க. பெரிய முதலீட்டோட இந்தத் தொழிலுக்கு வந்த அமெரிக்கக் கம்பெனிகள்ல ஏரோஃபார்ம்ஸ் 2023-ல திவால் மனு போட்டுச்சு, போவரி 2024-ல மூடிடுச்சு. விளைநிலமே இல்லாத, மலிவான கரண்ட் இருக்கிற ஊருக்கு இது கீரை தரும். பசி தீர்க்கிற பணத்தை இதுல போடாதீங்க.

## அப்போ எங்க ஆரம்பிக்கிறது

குழுவுல இருபது வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: போன வருஷம் எந்த மாசம் தானியம் தீர்ந்துச்சு, அது எங்க போச்சு? வயல்லயே போச்சுன்னு பாதிப் பேருக்கு மேல சொன்னா விதையும் தண்ணியும், அதுலயும் வெள்ளம்னா விதை, பூக்குற நேரத்து வறட்சின்னா குட்டை. வண்டு தின்னுச்சு, பூசணம் பூத்துப் போச்சு, அவசரத்துக்கு வித்துட்டோம்னு சொன்னா சேமிப்பும் கடனும். விளைஞ்சுது ஆனா வாங்க ஆள் இல்லன்னு சொன்னா போன்ல விலை, அப்புறம்தான் குளிர் அறை.

ரெண்டு பதிலும் சரிபாதியா வந்தா நான் சேமிப்பை முதல்ல வைப்பேன், காரணம் பலன் அதே வருஷம் தெரியும், தப்பாப் போனாலும் நஷ்டம் சின்னது, விதைக்கு எடுத்து வச்சதும் அதே பையில முளைப்புத்திறனோட நிக்கும், அடுத்த வருஷம் புது ரகத்துக்குப் போறதுக்கும் அதுதான் அடித்தளம். அறுவடைக்கு ஒரு மாசம் முன்னாடியே பையும் தார்ப்பாயும் மீட்டரும் வந்து இறங்கியிருக்கணும், ஒவ்வொரு பையையும் கட்டுறதுக்கு முன்னாடி உள்ள காத்து அடைச்சு வாயைப் பிடிச்சு அமுக்கிப் பாருங்க, காத்து எங்கயாவது கசிஞ்சா அந்தப் பையைத் தனியா எடுத்து வச்சுடுங்க.